துலுக்காணம் காட்டிய நிலம்

இல்லவே இல்லை! காக்கிச் சட்டைக்கு ஆசைப்பட்டு ஊர் மேய்க்காலை வித்துட்டான் துலுக்காணம் என்று குழாயடியில் பேசுகிறாளே மணியம்மா, அவள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் அது பொய்தான். விற்பதற்கு அது என்ன அவன் நைனா வைத்துவிட்டுப் போன நிலமா? சர்க்கார் நிலம், சர்க்கார் வித்தது. காட்டினது அவன், அது நிஜம். என்ன நினைத்துக் காட்டினான் என்று முழுசாய்க் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

ஆந்திராவில் நாகலாபுரத்துப் பக்கம் சின்ன ஊர் அது. பாதிப் பேருக்குச் சொந்தமாய் ஒரு சாண் நிலம் கிடையாது, ஆடு மாடுதான் சொத்து. அதுங்க மேய மலையடியில் நாற்பது ஏக்கர், அதுதான் மேய்க்கால். அதில் யாரும் ஏர் பூட்டக்கூடாது, கூரை போடக்கூடாது. ஒரு வைக்கோல் போர் வைத்தாலும் போச்சு, வைத்தவன் ஒரு மாசம் ஊர் மாட்டுக்கெல்லாம் தொட்டியில் தண்ணீர் ரொப்பணும். துலுக்காணமே கல்யாணமான புதுசில் ஒரு தடவை ரொப்பியிருக்கிறான். பெண்டாட்டி பாப்பாத்தி கூடவே குடம் தூக்கினாள், வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே.

முட்டி வலி வந்து ஆட்டின் பின்னால் ஓட முடியாமல் போனதும், திருப்பதிக்கு வெளியே சர்க்கார் புதுசாய்ப் போட்டுக்கொண்டிருந்த பூங்காவில் தினக்கூலிக்குச் சேர்ந்தான், வேலைக்கு ஒரு காக்கிச் சட்டை கொடுத்தார்கள். விடியிறதுக்குள் பஸ் ஏறணும். மூணு வருஷம் புங்கன் கன்றுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினான். "நம்ம புங்கன் இன்னைக்கு ரெண்டு எல உட்டுக்கினு நிக்குது" என்று வீட்டில் வந்து சொல்வான். "பெத்த புள்ளயக் கூட நீ இப்படிப் பாத்ததில்ல" என்பாள் பாப்பாத்தி.

போன பங்குனியில் சூப்பர்வைசர் சுரேஷ்பாபு கூப்பிட்டான். "துலுக்காணம், உங்க ஊரு நிலம் பாக்க ஆபீசர்ங்க வராங்க. நீயும் ஜீப்ல ஏறு." அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஊருக்கும் இதே மாதிரி மரம் வைக்கப் போறாங்க என்றுதான் நினைத்தான். வேறு எதற்கு ஒரு தோட்டக்காரனை ஜீப்பில் ஏற்றுவார்கள்?

அறுவடை முடிந்த மாசம். ஆடு மாடெல்லாம் தாள் மேய வயல் பக்கம் போயிருந்தது. மேய்க்காலில் ஒரு குட்டி கூட இல்லை.

"இக்கட, இந்த நிலத்துல யாராவது ஏர் ஓட்டறாங்களா? குடிசை, சமாதி ஏதாவது?" ஆபீசர் கேட்டார்.

"ஒரு கூரை இல்ல, ஒரு ஏர் இல்ல சார்! எங்க ஊரு கட்டுப்பாடு அப்படி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். மாடு மேயுமா என்று அவர்கள் கேட்கவில்லை. மேய்க்காலில் மாடு மேயும் என்பதைப் போய் ஒருத்தன் வாய்விட்டுச் சொல்வானா? தெலுங்கில் எழுதி நீட்டினார்கள். தெரிந்த ஒரே எழுத்தான தன் பேரைப் போட்டுக் கொடுத்தான்.

பூங்கா திறந்த அன்று ஆடி வெயில். கையில் தண்ணீர்க் குழாயோடு ஓரமாய் நின்றான். மைக்கில் ஒரு பெரியவர் தெலுங்கில் பேசினார். இந்தப் பூங்கா மக்கள் வரிப்பணத்தில் வந்ததில்லை, நாகலாபுரம் பக்கம் சும்மா கிடந்த காலி பூமியை ஏலம் விட்டிருக்கிறோம், அந்தப் பணத்தில்தான் இதெல்லாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். துலுக்காணத்தின் செருப்பு மூழ்கத் தண்ணீர் ஓடியது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"சார்... எங்க ஊரு நெலமா?"

"நீ காட்டினதுதான். ஒரு கேஸ் இல்ல, ஒரு தகராறு இல்ல, நீட்டா இருந்துச்சு" என்று முதுகில் தட்டினான் சுரேஷ்பாபு. "உன் பேரை பர்மனென்ட்டுக்கு எழுதியிருக்கேன். திங்கட்கிழமை வந்து கையெழுத்து போடு."

துலுக்காணம் குழாயை மூடினான். பக்கத்து ஊர்க்காரன் தன் ஊர் மேய்க்காலை உழுது மாங்கன்று நட்டு, கோர்ட்டில் கேஸும் போட்டிருக்கிறான். அதை எவனும் தொடவில்லை. ஒழுங்காய்க் காத்த ஊரின் தலையில்தான் இடி. இவன் மூணு வருஷம் தடவித் தடவி வளர்த்த புங்கனுக்கு ஊற்றினது ஊர் ஆட்டின் வாயில் இருந்ததைப் பிடுங்கின தண்ணீரா?

ஊர் திரும்பினால் மலையடியில் வேலிக்கல் இறங்கிக்கொண்டிருந்தது. "வந்துட்டாருய்யா ஜீப்புக்காரரு!" என்றாள் மணியம்மா. ஊர்ப் பெரியவர்கள் ஏற்கெனவே ஆபீசுக்குப் போய்ப் பார்த்துவிட்டார்கள். இன்னும் ரிஜிஸ்டர் ஆகவில்லை, ஆனால் உங்க ஊர் ஆளே காலி நிலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானே என்று காகிதத்தைக் காட்டி அனுப்பிவிட்டார்களாம்.

பாப்பாத்தி வட்டிலில் களி வைத்தாள். "துன்னுய்யா."

"நான் பொய் சொன்னேனாடி?"

"கேட்டதுக்குப் பதில் சொன்ன. கேக்காததயும் போய்ச் சொல்லிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை சுரேஷ்பாபு போன் செய்தான். நீ கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறதாய்க் கேள்விப்பட்டேன், கொடுத்தால் பூங்கா வாசல் பக்கமே வராதே என்றான். "என் கன்னுங்களுக்கு நாளைக்கு யாரு சார் தண்ணி ஊத்துவாங்க?" என்று மட்டும் கேட்டான் துலுக்காணம்.

திங்கட்கிழமைதான் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள், விடியலில் வேட்டி கட்டிக்கொண்டான். காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான், திருப்பிக் கொடுக்க. தெருவில் மணியம்மா குடத்தோடு நின்று, "இன்னைக்கு எதக் காட்டப் போற?" என்றாள்.

"மாடு மேயறத" என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தான்.