பூட்டிய கதவுக்கு உள்ளே

எங்கள் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிய குரல்பதிவு ஒன்று வெள்ளவத்தை முழுக்கப் போனில் சுற்றியது. வான் ஒன்றில் வருகிறார்களாம், இனிப்புக் காட்டி ஏற்றுகிறார்களாம். எங்கே நடந்தது, யார் கண்டது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் கணவருக்கும் அதுவே போதுமாக இருந்தது. மகளை மொண்டிசூரிப் பள்ளி வானில் அனுப்புவதை நிறுத்தினோம். கணவர் அவளைத் தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக் கொண்டுபோனார். பின்னேரம் கடற்கரைக்குப் போவதும் நின்றது. பிளாட் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டோம்.

எதிர் பிளாட் அக்கா அதே மொண்டிசூரியில் படிப்பிக்கிறவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்.

"அந்த மெசேஜ் போன வருஷமும் வந்திச்சு. இதே குரல்தான். புள்ளய அனுப்புங்க, வான்ல நானும் வாறன் தானே" என்றார்.

"ஓம் அக்கா, பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

றம்புட்டான் காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், பழமொன்றை உரித்து மகளின் கையில் கொடுத்தேன். அவள் செற்றியில் ஏறிக் குதித்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவளுடைய சிரிப்பு நின்றது. திரும்பினால், வாய் திறந்தபடி நிற்கிறாள். இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது.

நான் கத்தினேன். கணவர் கதவுக்கு ஓடி ஒரு பூட்டைத் திறந்தார். மற்றதன் திறப்பு கைக்கு அகப்படவில்லை. அந்தப் பக்கமிருந்து அக்கா கதவைத் தட்டுவது கேட்டது. திறப்பு கிடைத்ததும் உள்ளே பாய்ந்து வந்தார்.

"புள்ளய இங்க தாங்க!"

அவளைத் தன் தொடையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்களுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். திரும்பவும் அடித்தார். கொட்டை தெறித்து நிலத்தில் உருண்டது. பிறகு அழுகை வந்தது.

"அழட்டும், விடுங்க. நல்லா அழட்டும்" என்றவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "எனக்கும் ஒரு டீ போடுங்க."

கொண்டுபோய்க் காட்டிய டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பயப்பிட ஒண்டுமில்லை. கொட்டையை எடுத்திட்டுக் குடுங்கோ, இருந்து சாப்பிடட்டும். இந்த சீசனில இப்பிடி வாறது புதுசில்லை" என்றார்.

ஓட்டோவில் திரும்பும்போது மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். நெரிசலான காலி வீதியில் ஒரு பஸ் எங்களை உரசுவதுபோல முந்திப் போனது. கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரோட்டில தானே நான் பிள்ளையை ஹெல்மெட்டும் இல்லாமல் கொண்டு போறனான்" என்றார் மெதுவாக. "திங்கட்கிழமை வானிலயே போகட்டும்."

திங்கட்கிழமை அவள் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வான் மூலையில் திரும்பி மறையும்வரை கேற்றடியில் நின்றேன். ஆனால் உள்ளே வந்ததும் கொதிகேத்தலை அவள் கைக்கு எட்டாமல் சுவரோரமாகத் தள்ளிவைத்தேன், பல்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தேன். அந்தக் கிழமையே தலையணையொன்றைப் பிள்ளையாக்கி, எங்கே, எப்படி அடிப்பதென்று அக்கா எங்கள் இருவருக்கும் காட்டித் தந்தார். கணவர் மெல்லத் தட்ட, "தலையணைக்கு நோகாது, நல்லா அடிங்க!" என்று அதட்டினார்.

ஞாயிறு பின்னேரம் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போனோம். ரயில் பாதையைக் கடக்கும்போது மகளின் ஒரு கையை நான் பிடித்தேன், மற்றதை அக்கா பிடித்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கி ஆடியபடி, அவள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தாள்.