அண்ணன் ஊரில் மழை

எங்கள் வீட்டில் கீழே இரண்டு தறிகள், எனக்கொன்று, மனைவிக்கொன்று. மனிதர் படுக்க மாடி அறை ஒன்றுதான். பதினாறு படிகள், செங்குத்தானவை. பைக்கில் வழுக்கி விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்ட என்னை, தம்பியும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்துவிட்டு வந்த பிறகும் நான் மாடியிலேயேதான் இருந்தேன்.

மருத்துவர் சொன்னதை அன்றே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். தினம் ஐந்து வேளை, வேளைக்குப் பத்து முறை முழங்காலை மடக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் செங்கோணம் அளவுக்கு மடங்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். நடக்கலாம். ஆனால் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்க முடியாது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

கட்டில் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும், வானம் தெரியாது. ஒரு நாள் தம்பி தன் பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"சும்மா கூரையப் பாத்துக்கினு கெடக்காதணா. இதுல ஒரு ஊரு இருக்குது. சாந்தமான கேமு. யாரும் யாரையும் சுட மாட்டாங்க."

அந்த ஊரில் எனக்கு ஓர் ஓட்டு வீடும் ஒரு துண்டு நிலமும் இருந்தன. காலையில் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், ஓடையில் மீன் பிடித்தேன். எதிரில் வருகிறவர்களுக்கு ஒரு பூவையோ பழத்தையோ கொடுத்தால் மறுநாள் அவர்களே கூப்பிட்டுப் பேசினார்கள். வீட்டில் ஒரு டிவி. அதைப் போட்டால் நாளைக்கு வெயிலா மழையா என்று சொல்லும். ஒரு தடவையும் தப்பாது. எல்லாவற்றையும்விட, அங்கே நான் எங்கே போனாலும் ஓடியே போனேன்.

அங்கே ஒரு நாள் என்பது நம் கணக்கில் கால் மணி நேரம். இரவு படுத்தால்தான் அன்று செய்த வேலை நிற்கும். நடுவில் மூடினால் எல்லாம் போய்விடும். மனைவி வந்து, "கால மடக்குனீங்களா?" என்று கேட்பாள். "இந்த நாள முடிச்சிட்டு" என்பேன். அந்த நாள் முடிந்ததும் அடுத்த நாள் விடிந்திருக்கும், பூசணிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். எந்தப் பயிருக்கு எத்தனை நாள், யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று நாட்குறிப்பின் பின்பக்கங்களில் கட்டம் போட்டு எழுதினேன். அது எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது முதல் வாரம் மட்டும்தான். பிறகு, போகாவிட்டால் யாரோ காத்திருப்பதுபோல் ஆகிவிட்டது.

நான் இருபத்திரண்டு வருடமாகத் தினமும் வானிலை எழுதுகிறவன். அதனால் தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவைத் தெருவில் நீட்டி, விறைப்புக்குக் கஞ்சி போடுவதென்றால் முதல் நாள் சாயங்காலம் என்னைத்தான் கேட்பார்கள். நூல் நனைந்தால் போச்சு. அன்றைக்கும் தம்பி கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

"ணா, அண்ணி பாவு காலைல போட்டுடலாமா?"

"வேணாம்பா. நாளைக்கு மழை."

மறுநாள் ஒன்பது மணிக்கு மனைவி படியேறி வந்தாள். கையில், வீணாகிக் கொட்டிய கஞ்சியின் பிசுக்கு.

"வெயிலு பொளக்குது. ஆளுங்கள எல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். யாரு சொன்னது மழைன்னு?"

"டிவில சொன்னான்."

"டிவி கீழ இருக்குது. நீங்க எந்த டிவிய பாத்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் படியில் நின்றிருந்த தம்பிக்குப் புரிந்துவிட்டது. "அண்ணி, அண்ணன் ஊர்லதான் மழை. நம்ம ஊர்ல இல்ல" என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மதியம் நாட்குறிப்பைப் புரட்டினேன். நான்கு நாட்களாக நான் எழுதியிருந்த வானிலை அந்த ஊருடையது. பக்கத்திலேயே முழங்காலுக்கான கட்டம். ஐம்பது, ஐம்பது, முப்பது, பத்து. அதற்குப் பிறகு பதினொரு நாள் வெற்று. வலிக்குப் பயந்திருக்கிறேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நாட்குறிப்பு அட்டையின் மூலை செங்கோணம்தானே. தொடைக்கு அடியில் அட்டையின் ஒரு ஓரத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினேன். கெண்டைக்காலுக்கும் அட்டையின் மறு ஓரத்துக்கும் நடுவே ஐந்து விரல் நுழைந்தது. செங்கோணத்துக்கு இன்னும் அவ்வளவு குறை.

அதன்பிறகு மூன்று நாள் நிஜமாகவே மழை. மனைவியின் தறி பாவில்லாமல் சும்மா கிடந்தது. மிதிச் சத்தம் இல்லாத வீட்டில் நான் எண்ணுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டிருக்கும்.

நான்காம் நாள் சாயங்காலம் தம்பி தெருவிலிருந்து, "ணா, நாளைக்கு எப்படி? நம்ம ஊர்ல கேக்குறேன்!" என்றான். பக்கத்து வீடுகளிலும் சிரித்தார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக் கதவுவரை போனேன். எட்டு அடி தூரம்தான். ஏனாத்தூர் பக்கம் வானம் கருப்பாக இருந்தது, ஆனால் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. "காலைல அஞ்சு மணிக்கு வானத்தப் பாத்துட்டு சொல்றேன்பா" என்றேன். பார்த்தேன். போடச் சொன்னேன்.

பாவு தெரு நீளத்துக்கு நீண்டது. வழக்கமாக நான் இழுத்துப் பிடிக்கும் முனையில் வேறொருவர் நின்றார். கைப்பிடிச் சுவருக்கு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்த இழையை முடிந்துகொண்டே வந்த மனைவி தலையை நிமிர்த்தி, தெருவே கேட்கும்படி கேட்டாள்:

"மடக்கியாச்சா?"

"பத்து."

"இன்னும் நாப்பது இருக்குது."

சுவரைப் பிடித்துக்கொண்டு பதினொன்று என்றேன். அன்றைய குறிப்பு: வானம் தெளிவு. இடைவெளி நான்கு விரல். மருத்துவர் சொன்ன மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்.