யார் நடித்தது என்று கேட்காத வரிசை

சினிமா டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் ஒரு நட்சத்திரத்தின் உண்மையான உயரம் தெரியும். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற வரிசையை வைத்தே அளந்துவிடுவோம். என் பெயர் திலகா. மலேசியாவில், கிள்ளான் நகரத்துத் தியேட்டர் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் நம்பர் கவுண்டர் என்னுடையது. தமிழ்ப் படத்துக்கு வருகிறவர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். கடையோ கிளினிக்கோ, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துச் சிரித்தே வாய் வலித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே கட்சி.

படத்துக்குப் பெயர் எதற்கு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய ஹீரோ படம் வந்தால் வரிசை கார் நிறுத்துகிற இடம் வரைக்கும் போகும். ஹீரோ பெயரைச் சொல்லிவிட்டு விரலைக் காட்டுவார்கள்: இரண்டு, ஐந்து, பத்து. அப்படி ஒரு ஹீரோவுக்கு, லோரி ஓட்டுகிற சேகர்தான் இங்கே ரசிகர் மன்றத் தலைவர். முதல் காட்சிக்கு நடுவில் இரண்டு வரிசையை மன்றத்துக்கென்று வாய்ப்பேச்சிலேயே ஒதுக்கி வைப்பது எங்கள் தியேட்டர் வழக்கம். முதல் தடவை அவர் வந்து நின்றபோது, எனக்கு வழக்கம் தெரியாது, எந்தப் படம் அண்ணே என்று கேட்டுவிட்டேன். நான் ஏதோ அவருடைய சொந்தப் பெயரையே கேட்டதுபோலப் பார்த்தார்.

"படம் பேரு எதுக்குக்கா? எங்க ஆளு இருக்காரு, அது போதும்."

நடுவில் இரண்டு வரிசை

போன வருஷம் அதே ஹீரோவுக்குப் புதுப்படம். நான்கு ஹால் கொடுத்திருந்தார்கள். பழைய பழக்கத்தில், சேகரை ஒரு வார்த்தை கேட்காமலே, முதல் காட்சிக்கு நடுவில் இரண்டு வரிசையையும் கணினியில் மூடி வைத்துவிட்டேன். பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஒரு குடும்பம், ஏழு பேர், வந்து நின்றார்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார நடுவில் இடம் வேண்டும் என்றார்கள். மன்றத்துக்காரர்கள் வருவார்கள், ஓரத்தில்தான் இருக்கிறது என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், திரும்பிப் போய்விட்டார்கள்.

காட்சிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது சேகர் வந்தார். தனியாக வந்தார். கையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் சொல்லிக் கட்டிய ஆளுயர மாலை. அதைக் கட்-அவுட்டுக்குப் போட்டு, இரண்டு ஃபோட்டோ எடுத்தார். உள்ளே அந்த இரண்டு வரிசையும் கடைசி வரைக்கும் காலியாகக் கிடந்தன. உட்கார வந்தவர்களை அனுப்பிவிட்டு, வராதவர்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்றவர்கள் எங்கே என்று, ஃபோட்டோ எடுத்து முடித்ததுமே சேகரைக் கேட்டிருந்தேன்.

"ரிவியூ வரட்டும்னு சொல்லிட்டாங்க லா. நானே அடுத்த வாரம்தான் பாக்கலாம்னு இருக்கேன்."

லிம் கேட்ட கேள்வி

ஒரு வாரத்தில் நான்கு ஹால் ஒரு ஹாலாகிவிட்டது. மேனேஜர் லிம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் மகள் கல்யாணத்தில் வாழை இலையில் கையால் சாப்பிட்டவர். தமிழ்ப் படத்தையே நிறுத்திவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். தமிழ்ப் படம் இல்லையென்றால் மூன்றாம் நம்பர் கவுண்டரும் இல்லை, அங்கே டிக்கெட் எடுக்கிற இயந்திரம் வந்துவிடும். இருப்பதிலேயே சின்ன ஹாலில், ஒரு சின்னப் படத்துக்கு ஒரு வாரம் தருவார்கள், அதைப் பார்த்து முடிவு. போஸ்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு பஸ் டிரைவரும் அவருடைய மகளும். இரண்டு முகமும் எனக்கே தெரியாது. ஹீரோ இல்லாமல் யார் வருவார்கள் என்று மலாயில் கேட்டார்.

"திலகா, ஹீரோ தக் அடா, சியாப்பா மாவ் டாத்தாங்?"

வாயைத் திறந்த நாள்

கவுண்டர் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. படம் எப்படி என்று யார் கேட்டாலும், நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் சொன்னேன். பார்க்காத படத்துக்கும் சொன்னேன். இந்தத் தடவை என் லீவு நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அந்த பஸ் டிரைவர் படத்தை முழுசாகப் பார்த்தேன். பாதியில் அழுகை, மீதியில் சிரிப்பு. மறுநாள் முதல், கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன்: பெரிய ஹீரோ படம் சுமார், இது நல்ல படம், நான் பார்த்துவிட்டேன்.

அப்படிச் சொல்லி நான் அனுப்பிய முதல் ஆள் செல்வராணி டீச்சர். யாழ்ப்பாணத்து வழி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எங்கள் ஏர்கான் குளிரில் தொடங்கி பாப்கார்ன் உப்பு வரைக்கும் குறை எழுதிக் கொடுத்தவர். ஹீரோ படத்துக்கு வந்தவரை நான் மாற்றிவிட்டேன். இரண்டே கால் மணி நேரமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தேன். வெளியே வந்து, என் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, நாளைக்கு எங்கட கோயில் ஆக்கள் பதினாலு பேர் வருவினம். நடுவிலையா பார்த்துத் தாரும்."

ஞாயிற்றுக்கிழமை

பதினாலு பேர் வந்தார்கள். அவர்கள் யார் யாருக்கு என்ன சொன்னார்களோ, சனிக்கிழமை இரண்டு காட்சி நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வரிசை பாப்கார்ன் கடையைத் தாண்டி, எஸ்கலேட்டர் வரைக்கும் போய்விட்டது. லிம் கீழே இறங்கி வந்து, தானே நின்று வரிசையை ஒழுங்கு பண்ணினார். பஸ் டிரைவர் படத்தைப் பெரிய ஹாலுக்கு மாற்றினார். மேலிடத்தில் தானே பேசுவதாகவும், இயந்திரத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் அந்தக் காப்பார் குடும்பத்தைப் பார்த்தேன். ஏழு பேரையும் நடுவில் சேர்த்து உட்கார வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. சம்பளம் ஏறிய மாதத்தில்கூட அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

கடைசியில் சேகர் வந்தார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு. கையில் மாலை இல்லை. அண்ணே, இதில் தெரிந்த ஆள் யாரும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு நடிச்சாங்கன்னு கேக்கலக்கா. நீங்க பாத்துட்டீங்க இல்ல? நாலு டிக்கெட் குடுங்க."

ஆக, கட்-அவுட் இல்லை, மாலை இல்லை, ரசிகர் மன்றமும் இல்லை. ஆனாலும் கிள்ளானில் இப்போது தமிழ்ப் படம் ஓடுவது மூன்றாம் நம்பர் கவுண்டர்க்காரியின் முகத்தைப் பார்த்துத்தான்.