கடைசிக் கிறீச்சு

துசியந்திக்கு வேலை, காருக்குள் சத்தம் பிடிப்பது. தென் லண்டனில் கையாலேயே கார் கட்டும் சின்னக் கம்பெனி ஒன்று ஐந்து வருடமாகப் புது மாடல் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு வேகமாகப் போனாலும் உள்ளே இருப்பவருக்குத் தன் மூச்சுத்தான் கேட்க வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். இருக்கைகளுக்குத் தோல் தைக்கத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். ஒருநாள் யாரோ காரின் கதவைச் சாத்திய சத்தத்தை வைத்தே, உள்ளே ஓர் ஆணி கழன்றிருக்கிறது என்றாள். அன்றிலிருந்து பரிசோதனைக் காரின் பின் இருக்கை அவளுடையதாயிற்று.

ஓட்டுவது புவனேந்திரன். ஜெர்மனியில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்து, மனைவி இறந்த பின் லண்டனுக்கு வந்தவர். லூயிஷாம், மிச்சம் என்ற லண்டன் பகுதிகளில் குண்டும் குழியுமான தெருவாகத் தேடி ஓட்டுவார். ஓடும்போது பேசக்கூடாது. மூன்று வருடமாக அவள் அவருடைய பிடரியையும் கண்ணாடியில் தெரிந்த கண்களையும் பார்த்தபடி இருந்தாள். பட்டறையில் தமிழர்கள் எல்லோரும் அவரை அண்ணை என்பார்கள். அவள் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கடைசியில் ஒரேயொரு கிறீச்சுச் சத்தம் மிஞ்சியது. அது போனால் மாடல் முடிந்தது. புவனேந்திரனின் வேலை ஒப்பந்தமும் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை, மிச்சம் பகுதியில் டிராம் பாதையைக் கடக்கையில், அது கதவின் மரச்சட்டத்திலிருந்து வருவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் ஓரமாக நிறுத்தி, "பிடிபட்டுதோ?" என்றார்.

"இல்லை. பின்னாலை எங்கையோ."

"அப்ப நாளைக்கும் ஒருக்கா ஓடுவம்."

"ஓம்."

இப்படியே ஒன்பது நாள் ஓடினார்கள். ஒவ்வொரு நாளும் இனித்தது, இறங்கும்போது குத்தியது. பத்தாம் நாள் அவர் போனில் ஒரு படம் காட்டினார்.

"ஜெர்மனியிலை மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. இந்த வேலை முடிஞ்சால்தான் போகேலும். பேத்தியை இன்னும் தூக்கேல்லை."

துசியந்தி படத்தைப் பார்த்தாள். பிறகு மரச்சட்டத்தில் விரல் வைத்தாள்.

"இஞ்சைதான். எனக்கு முந்தியே தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"அந்தத் திங்கட்கிழமை, டிராம் பாதையிலை."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். "முன்னாலை வந்து இருங்கோ, துசியந்தி" என்றார். பட்டறை வரைக்கும் அவர் பக்கத்திலேயே இருந்து போனாள்.

அடுத்த மாதமே அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். இப்போது இடைக்கிடை போன் எடுத்துப் பேத்தி நடந்த கதை, பல் முளைத்த கதை சொல்வார். "லண்டனுக்கு எப்ப வாறியள்?" என்று ஒருதடவை மட்டும் கேட்டாள். "பாப்பம்" என்றார்.

அவர் வந்தால் வேண்டும் என்று, இந்த வருடத்து லீவில் ஒருநாளைக்கூட அவள் இன்னும் எடுக்கவில்லை.