மீதி ஒரு பிள்ளை

ஆசிரியர் பயிற்சி நாளென்றால் தாராவி தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. திரையில் யாரோ ஒரு நிபுணர் பேசுவார். பின்வரிசையில் பரீட்சைத்தாள் திருத்துவார்கள், நடுவரிசையில் பூண்டு உரிப்பார்கள். கோகிலவாணி டீச்சரும் கிலோக்கணக்கில் உரித்தவள்தான். யாரைக் குறை சொல்ல?

இந்தமுறை பயிற்சியை நடத்த வேண்டியவளே அவள். "இந்தத் தடவையும் எல்லாரும் தூங்கினா, இனிமே கூட்டமே கிடையாது. மொபைல்ல வீடியோ அனுப்பிடுவோம்" என்று மேலதிகாரி சுஷ்மா மேடம் இந்தியில் சொல்லிவிட்டார். வகுப்புக் கதவைச் சாத்திவிட்டால் வாத்தியார் தனி ஆள். பாடம் சொதப்பினால் சொல்லி அழ இன்னொரு டீச்சர் கிடைப்பது இந்தக் கூட்டத்தில்தான். அதுவும் போய்விட்டால்?

திரையைச் சுருட்டி வைத்தாள். தன் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கூடத்தின் நடுவே உட்காரவைத்தாள். வருஷாவருஷம் தனக்குச் சறுக்குகிற, மீதி வரும் வகுத்தல் கணக்கை அத்தனை டீச்சர்கள் முன்னாலும் நடத்தத் தொடங்கினாள். துணிச்சலைப் பாருங்கள்!

"நாப்பத்து மூணு பிள்ளைய. ஒரு ஆட்டோவுக்கு மூணு பேரு. எத்தன ஆட்டோ வேணும்?"

"பதினாலு, டீச்சர்! மிச்சம் ஒண்ணு!" என்றாள் முன்வரிசை ரீனா.

"அந்த ஒரு பிள்ள நிக்குதே?"

"அவன் டிரைவர் பக்கத்துல அட்ஜஸ்ட் பண்ணி உக்காந்துக்கிடுவான்!"

"தப்பு. பதினஞ்சு."

"நாங்க டெய்லி அப்படித்தான டீச்சர் போறோம்!" என்று வகுப்பே கிளம்பிவிட்டது. அப்புறம் பாடமாவது ஒன்றாவது, மீன் மார்க்கெட்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். கோகிலவாணிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் டீச்சர்கள் பக்கம் திரும்பி நின்று கேட்டாள்: "சொல்லுங்க, நான் எங்க கோட்ட விட்டேன்?"

பூண்டு உரித்த கைகள் நின்றன. எந்தப் பயிற்சியையும் 'டைம்பாஸ்' என்று தள்ளுகிற ஞானசேகரன் சார் எழுந்தார்.

"மிச்சம் ஒண்ணுன்னு அந்தப் பிள்ள கரெக்டா பிடிச்சிட்டால்லா? அதப் பாராட்டாம, பதினஞ்சுன்னு தலையில அடிச்சிட்டீங்களே டீச்சர்!"

"அப்ப நீங்க எப்படிக் கேப்பீங்க?" என்றாள் பிரேமலதா டீச்சர். பிடித்துக்கொண்டது விவாதம். சாப்பாட்டு வேளையிலும் டிபன் டப்பாவும் கையுமாக அதே பேச்சு.

மதியம் அடுத்த பிரிவுப் பிள்ளைகள் வந்தார்கள். சாக்பீஸை வாங்கிக்கொண்டவர் ஞானசேகரன். அதே கணக்கு, அதே பதில், அதே டிரைவர் பக்கத்து சீட்டு.

"சபாஷ்! மிச்சம் ஒண்ணு. சரி, வழியில டிராபிக் போலீஸ் நிக்காரு. இப்ப?"

"பதினஞ்சு, சார்!" கூரை அதிர்ந்தது.

"நாப்பத்து மூணு லட்டு, மூணு பேரு. இப்ப அந்த மிச்சத்த?"

"பிச்சுக்கலாம், சார்!"

கோகிலவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தனக்கு இத்தனை வருஷமாகப் பிடிபடாத பாடம், கண்முன்னே நிமிர்ந்து நின்றது.

வாசலில் நின்று பார்த்திருந்த சுஷ்மா மேடம் உள்ளே வந்தபோது கூடத்தில் ஒரே கூச்சல்.

"அடுத்த கூட்டம் என் கிளாஸ்ல வைங்க. பின்னத்துல நான் தினம் அடி வாங்குதேன், எல்லாரும் வந்து பாருங்க" என்றார் ஞானசேகரன்.

"அதெப்படி? நான்லா மொதல்ல கை தூக்கினேன்!" என்று பாய்ந்தாள் பிரேமலதா.

தமிழ் புரியாத மேடம், என்ன சண்டை என்று பதறிக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்று கோகிலவாணி இந்தியில் சொன்னாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அடுத்த தடவ யாரு எல்லார் முன்னாலயும் தப்பு பண்றதுன்னு போட்டி."