மழைக்காலத்து எடை

எங்கள் வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதன் அடியில் ஒரு காக்கித் துணிப் பை கிடக்கிறது. உள்ளங்கையளவுதான். உள்ளே அனகாபுத்தூர்ப் பக்கத்து ஆற்று மணல். காலில் இடறுகிறவர்கள், "இதுக்கு ஒரு செங்கல் வைக்கக் கூடாதா?" என்பார்கள். நான் சிரித்து வைப்பேன். அதன் தையல் என்னுடையது. பத்தொன்பது வயதில், அப்பாவின் பழைய ரயில்வே கால்சட்டையைக் கிழித்துத் தைத்தேன். அப்படித் தைத்த பன்னிரண்டில் இது ஒன்றுதான் மிச்சம். அண்ணன் கை பட்ட பொருள்களில், எங்களிடம் இருப்பதும் இது ஒன்றுதான்.

எழுபதுகளின் தொடக்கம். அப்பா சரக்கு ரயிலில் கார்டு. தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நானும் அண்ணனும் பிறந்த வீடு. அப்பா ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். அண்ணனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தால் அங்கேயே இருந்துவிடலாம். பளு தூக்குகிறவர்களை அந்த நாளில் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நூறு கிலோவைத் தோளுக்கு வாங்கி, அங்கிருந்து தலைக்கு மேல் ஏற்றி நிறுத்திக் காட்ட வேண்டும். அண்ணனுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வருஷம். அம்மா குடும்ப ஜெபத்தில் வெட்கமில்லாமல் கேட்பாள்: "ஆண்டவரே, அந்த நூறு கிலோவை நீரும் ஒரு கை பிடியும்." கண்ணை மூடியபடியே அண்ணன் சொல்வான்: "அவரு புடிச்சா ஃபவுல்மா. நடுவர் ஒத்துக்க மாட்டார்." ஜெபத்துக்கு நடுவில் அப்பா சிரித்தது எனக்குத் தெரிந்து அப்போதுதான்.

அவன் பயிற்சி செய்தது தண்டவாளத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில். அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இரும்புத் தட்டு வாங்க வசதியில்லாத இடம். கம்பியும் சில்லறைத் தட்டுகளும் இரும்பு. கனத்த தட்டுகள் நான்கையும் மாஸ்டரே சிமென்டில் வார்த்திருந்தார். இருந்ததிலேயே சின்னத் தட்டு ஐந்து கிலோ. ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் போட வேண்டும். ஆக, எடை ஏற்றினால் ஒரே தாவில் பத்து கிலோ. தொண்ணூறு அண்ணனுக்கு வந்துவிட்டது. நூறு தோள் வரைக்கும் வந்து, அங்கிருந்து கீழே விழுந்துகொண்டே இருந்தது. கோடை முழுக்க விழுந்தது. உடம்பு படிப்படியாக ஏறுவது. கொட்டகையிலோ படி இல்லை, ஒரு சுவர்தான் இருந்தது.

அந்தப் படிகளைத்தான் நான் தைத்துக் கொடுத்தேன். அரைக் கிலோ மணல் பிடிக்கிற பைகள். ஆனி மாதம் கம்பியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று கட்டினான். உடம்பு அதற்குப் பழகியதும் இன்னும் ஒவ்வொன்று. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று ஏறினான். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து விரலால் மேலே காட்டுவான். அன்றைக்கு ஒரு கிலோ ஏறியது என்று அர்த்தம். கொட்டகையில் பையன்கள் கேலி செய்தார்களாம்: "இன்னா மச்சான், வெயிட்டு தூக்க சோத்து மூட்டை கட்டிகினு வந்துக்கீற?" புரட்டாசி முடிவில் பன்னிரண்டு பைகளும் கம்பியில் தொங்கின. தொண்ணூற்றாறு.

பிறகு மழை. தகரக்கூரை ஒழுகியது. மண்தரையில் தேங்கிய தண்ணீரில் சிமென்ட் தட்டுகள் சாய்ந்து கிடந்தன. பைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு திடீரென்று உயிர் போகிற எடையாகிவிட்டது. தூக்கினான், ஆனால் முழங்கால் நடுங்க, பார்வை இருட்ட. அதற்கு மேல் அரிசி மணியளவுகூட ஏறவில்லை. மாஸ்டர் சொன்னார்: "தோ பார்றா, செவுத்தாண்ட நின்னுகினு முட்டாத. நாலடி பின்னால போயி ஓடியா." அண்ணன் கேட்டுக்கொண்டான். எண்பத்தைந்துக்கு இறங்கினான். நன்றாகத் தூங்கினான், அம்மா கொடுத்த முட்டைகளையெல்லாம் சாப்பிட்டான், மறுபடி ஏறி வந்தான். அதே தொண்ணூற்றாறில், அதே நடுக்கத்தோடு நின்றான். வீட்டுக்குள் வரும்போது விரலை மடக்கி வைத்திருப்பான்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே தூக்காத எடையை வெளியே போய்த் தூக்குவேன் என்று சொல்லக் கூடாது. யாரும் எழுதி வைத்ததில்லை. சொன்னவன் மறுநாள் தலை காட்ட முடியாது, அவ்வளவுதான். டிசம்பரில் தேர்வு வந்தது. மாஸ்டரே அந்த வழக்கத்தை விட்டுக்கொடுத்து, "போய்தான் பாரேன்டா" என்றார். அம்மா அழுதாள். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டான், பொத்தானை மாட்டினான், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினான். "தொண்ணூத்தாறுலயே செத்துப் போறேன். அங்க போயி நூறுன்னு எந்த வாயால சொல்றது?" அன்று பகல் முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. பலகாரம் சுட விறகு வாங்க அம்மாவும் நாங்கள் இருவரும் விறகுத் தொட்டிக்குப் போனோம். மழைக்காலம் வந்தாலே அம்மாவுக்கும் அந்தத் தொட்டிக்காரருக்கும் ஒரு சண்டை உண்டு. வருஷா வருஷம் நடப்பது.

"பாதி தண்ணியை நிறுத்து விக்கிறீங்க. எடையைக் கொறைங்க."

"நானா ஊத்துனேன்? மேல கீறவரைப் போயி கேளும்மா."

"ஈர விறகு எடை காட்டும்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே நின்றான். மெதுவாக இறக்கி வைத்தான். கொட்டகைப் பக்கம் நடந்தான், பிறகு ஓடினான். திரும்பியபோது தோளில் ஒரு சிமென்ட் தட்டு. தண்ணீர் அவன் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. தராசில் வைத்தான். பத்து கிலோ என்று வார்த்த தட்டு பதினொன்றைத் தொட்டது. அப்படி நான்கு தட்டுகள். அதற்கு மேல் பன்னிரண்டு நனைந்த பைகள். மழை முழுக்க அவன் தொண்ணூற்றாறு என்று நினைத்துத் தலைக்கு மேல் நிறுத்தியதெல்லாம் நூறைத் தாண்டியவை.

தொட்டிக்காரருக்கு விஷயம் தெரியாது. "இன்னா தம்பி, இதுக்கும் ஈரம்னு கொறைக்கணுமா?" என்று சிரித்தார்.

"கொறைக்க வேணாண்ணா," என்றான் அண்ணன். "கூட்டிப் போடுங்க."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் விறகுக்குச் சண்டை போட்டதே இல்லை.

தை பிறந்து வெயில் வந்ததும் தட்டுகளையும் பைகளையும் வெளியில் போட்டுக் காய வைத்தான். ஒரு மாலை, தட்டச்சு வகுப்பு முடிந்து வரும் வழியில், வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். பைகள் இல்லை. உலர்ந்த நூறு. தோளுக்கு வந்தது, தலைக்கு மேல் போனது, நின்றது. வளைத்துப் பிடித்த கிளையை விட்டதும் மேலே போவது போல அவ்வளவு சாதாரணமாக. மாஸ்டர் தரையைப் பார்த்தபடி, "மழையிலயே தூக்கிட்டடா நீ," என்றார். கையிலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டே அண்ணன் சொன்னான்: "அப்பத் தெரியலையே மாஸ்டர்." கம்பியைத் துடைத்துச் சுவரில் சாய்த்தான். பிறகு அவன் அதைத் தொடவில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் பெருங்களத்தூரில் வாடகை வீட்டுக்குப் போனோம். குவார்ட்டர்ஸிலிருந்து இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக இறக்கி வண்டியில் வைத்தான் அவன். பிறகு ஒரு கிடங்கில் கணக்கெழுதினான்; கல்யாணம் செய்தான்; பருத்தான். தூக்க முடிகிறவன் என்று அவன் பிள்ளைகளுக்கே தெரியாது. இப்போதும் எனக்கு இதுதான் ஆறவில்லை. தோற்றவனுக்குக்கூடத் தோற்ற நாள் என்று ஒன்று இருக்கும். அவனுக்கு அதுவும் இல்லை. ஜெயித்த நாள்களில் எல்லாம் தோற்றதாக நினைத்து, தலை குனிந்து வீடு வந்தான்.

போன ஐப்பசியில் இறந்தான். கல்லறைத் தோட்டத்தில் கொட்டுகிற மழை. பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவன் மூச்சு வாங்க, "நல்லா கனமா கீறாருப்பா," என்றான். ஈரம், என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இன்று காலை மழை விட்டிருக்கிறது. சாரலில் நனைந்த பையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மொட்டைமாடியில் நல்ல வெயில். அங்கே வைத்தால் உச்சிக்குள் காய்ந்துவிடும். வைக்கவில்லை. அவன் தூக்கியது இந்த எடையைத்தான். நனைந்தபடியே கதவடியில் வைத்துவிட்டு வந்தேன்.