எழுப்பிவிட நான் வேண்டும்

எங்கள் மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைக் கண்டாலே ஆகாது. மரக்காணத்தில் அந்த உப்புக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். யாரிடம் என்னைக் காட்டினாலும் அவருக்கு ஒரே பேச்சு: "காலையில வந்து ஸ்விட்ச் போடும் இந்தம்மா. அவ்ளோதான்."

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததுதான் எரிச்சல். உப்புக் காற்றில் பிளக் பாயின்ட் எல்லாம் பச்சை பூத்துப் பொறி தட்டும். அதனால் சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது வாட்ச்மேன் மெயினையே இறக்கிவிடுவார். காலையில் ஏற்றினால் லினக்ஸ் சர்வர் தானே எழுந்துகொள்ளும். அதற்குள் இரண்டு வெர்ச்சுவல் மெஷின்கள் இருந்தன. தனிப் பெட்டி இல்லாமல் மென்பொருளிலேயே ஓடும் கம்ப்யூட்டர்கள். ஒன்று லாரி எடைக்கு. இன்னொன்று, உப்புப் பாத்தி வேலைக்குப் போகும் பெண்கள் கேட்டில் விரல் வைக்கும் மெஷினுக்கு. இவை இரண்டும் தானாக எழாது. நான் ஆறு மணிக்கு வந்து எழுப்பவேண்டும்.

அவற்றையும் தானாக எழவைக்க ஆட்டோஸ்டார்ட் என்று ஒரு கட்டளை போதும். சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் மறுநாளே அந்த ஆள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயம். பயம் பாதி, வீம்பு பாதி.

ஒருநாள் வெளியூர் வியாபாரிகள் முன்னால் என்னை "ஸ்விட்ச் மேடம்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை பொம்மையார்பாளையத்தில் நான் ஏறிய பஸ் கீழ்புத்துப்பட்டில் பழுதாகி நின்றுபோனது. போன் அடித்தது, அவர்தான். வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொல்லி எதைத் தட்டுவது என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நன்றாகத் தவிக்கட்டும் என்று போனைப் பைக்குள் போட்டேன். நான்கு முறை அடித்து ஓய்ந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த மனுஷன் தவிக்கவே இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"விரல் ஏறாதவங்கள உள்ள விடக்கூடாது, ரூல். எல்லாரையும் அனுப்பிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்னிருப்பாங்க, இல்ல நடந்துருப்பாங்க" என்றார், தட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்தபடி.

ஒரே ஒரு அக்கா மட்டும் போகவில்லை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கையில் சோற்றுத் தூக்கு. விரல் மெஷின் வேலை செய்தால் தன்னை உள்ளே விடுவார்கள் என்று ஆபீஸ் வாசலிலேயே நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு முகம் எரிந்தது.

உட்கார்ந்தேன். இரண்டு வெர்ச்சுவல் மெஷினுக்கும் ஆட்டோஸ்டார்ட் போட்டேன். சோதிக்க வேண்டுமே, சர்வரை முறையாக அணைத்து, வாட்ச்மேனை மெயினை இறக்கி ஏற்றச் சொன்னேன். சர்வர் வந்தது. மெஷின்கள் வரவில்லை. அவை நம்பியிருந்த நெட்வொர்க்கும் தானாக எழவேண்டும். தினமும் கையால் எழுப்பிப் பழகியதில் அதை மறந்திருந்தேன். அதற்கும் போட்டேன். மறுபடி இறக்கி ஏற்றினார். நான் கீபோர்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டும் வந்தன. கேட் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

அக்கா ஓடிப்போய் விரலை வைத்தார். ஏறியது. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"டைம் ஆயிடுச்சும்மா. நாளைக்கு வா."

அவரிடம் கெஞ்சினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. "ரூல்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இப்ப நீ தொடாமலே வந்துச்சில்ல?"

"ஆமாங்க்கா."

"நாளைக்கும் வரும்?"

"தினமும் வரும். நான் இல்லன்னாலும் வரும்."

"அப்ப இத நேத்தே செஞ்சிருக்கலாமில்ல?"

பஸ் நின்றுபோனதைச் சொல்லியிருக்கலாம். ஏதாவது கம்ப்யூட்டர் வார்த்தையைச் சொன்னாலும் நம்பியிருப்பார்.

"செஞ்சிருக்கலாங்க்கா" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "வெயில் ஏறுது" என்று தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.